சலசலக்கும் சட்டை

2023 ஜனவரி, நியூயார்க். கையுறைக்குள்ளும் விரல் விறைக்கிற குளிரில் கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். எல்லோரும் படம் பிடிக்கும் அந்தச் சுருள் பாதையில் அதிக நேரம் நிற்கவில்லை. நான் தேடிப் போனது நிக் கேவின் உடைகளை. அதே பெயரில் ஒரு பாடகர் உண்டு, அவரல்ல. இந்த நிக் கேவ் சிகாகோவில் வாழும் கறுப்பினக் கலைஞர், தன்பாலீர்ப்பாளர்.

'சவுண்ட்சூட்', அதாவது ஒலி எழுப்பும் உடை என்று அவற்றுக்குப் பெயர். பெரும்பாலானவை ஆளைத் தலையோடு மூடிவிடும். ஜமிக்கி, பாசிமணி, நெருக்கித் தைத்த பட்டன்கள், சாயமேற்றிய முடி, பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய பொம்மைகள். யார் வீட்டு மேசைக்கோ யாரோ பொறுமையாகப் பின்னிய குரோஷா விரிப்புகளும் இருந்தன. அவற்றின் அருகில்தான் அதிக நேரம் நின்றேன்.

1991இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வீடியோ கேவை நொறுக்கிவிட்டது. ஒருநாள் சிகாகோ பூங்காவில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் ஒரு சுள்ளி பட்டது. யாருக்கும் வேண்டாமல் கிடந்த அதில் அவர் தன்னையே பார்த்தார். சுள்ளிகளை அள்ளி வந்து, சின்னதாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் துளையிட்டு, துணியில் கோத்துக் கட்டினார். சிற்பம் என்று நினைத்துத்தான் செய்தார். அப்புறம் அதைப் போட்டுக்கொண்டு அசைந்தபோது சலசலத்தது. சிறுவயதில் அண்ணன்களின் பழைய சட்டைகளை மாற்றித் தைத்துத் தனதாக்கிக்கொண்டவர் அவர். நடனமும் படித்தவர். இரண்டும் அந்த ஒரு சட்டைக்குள் சேர்ந்துவிட்டன.

உள்ளே இருப்பவர் கறுப்பரா, ஆணா, பெண்ணா, எதுவும் தெரியாது. கவசம்தான். ஆனால் ஒளிந்துகொள்ள நினைப்பவர் சத்தம் போடும் சட்டையைத் தைக்க மாட்டார். சிறுவயதிலிருந்து 'அப்படி நடக்காதே, கையை அப்படி ஆட்டாதே' என்று கேட்டே வளர்ந்த என் பால்புதுமை நண்பர்களை நினைத்துக்கொண்டேன்.

'9:29' என்ற உடையின் முன் பேச்சு வரவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாயிட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்ற நிமிடங்களும் விநாடிகளும் அவை. கிங்குக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் ஊசியும் நூலும்.

ஒரே ஒரு குறை: அங்கே உடைகள் அசையாமல் நின்றன. அதனால் மாலையில் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்துக்குப் போனேன். அதன் 42ஆம் தெரு நடைபாதைச் சுவர்களில் கேவின் உடைகள் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மொசைக் ஓவியங்களாகக் குதிக்கின்றன. நடுவே இருக்கும் திரைகளில் நிஜமாகவே ஆடுகின்றன. வேலை முடிந்த கூட்டம் முட்டிக்கொண்டு போனது. நான் சுவரோரமாக ஒதுங்கி, அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை காத்திருந்தேன்.