“முறுக்கு புழியவாடா?”

ஈப்போ ஞாயித்துக்கிழமை சந்தையில, ஓடாத கடிகாரத்துக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவுல ஒரு பழைய கோப்பி மெஷின் கவுந்து கெடந்துச்சு. கடைக்கார தவுக்கே 200 வெள்ளி சொன்னாரு, ஓடாத சாமான்தானே லான்னு பேசிப் பேசி 120க்கு முடிச்சு சுங்கை சிப்புட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். நீட்டிக்கிட்டு இருந்த கைப்பிடிய பாத்துட்டு அம்மா கேட்டதுதான் மேல இருக்கிற தலைப்பு.

மெஷின் பேரு லா பவோனி யூரோபிக்கோலா, கைப்பிடிய அமுக்கி எஸ்பிரெசோ கோப்பி போடறது. 1961லேர்ந்து இத்தாலியில செய்யறாங்க. மோட்டார் இல்ல, பம்ப் இல்ல, உள்ள ஸ்பிரிங்கூட கெடையாது. பாய்லர்ல தண்ணி கொதிச்சு வர்ற அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான் (பார்னா அழுத்தத்த அளக்குற அளவு), அது தண்ணிய கோப்பித்தூள் வரைக்கும் கொண்டாந்து விடும், மிச்ச 8, 9 பார் நம்ம கையால அமுக்கி வரவைக்கணும், அதனால அம்மா சொன்னதுலயும் தப்பில்ல. வெறும் ஆவிய நம்பி ஓடுன பழைய மெஷின்ல கோப்பிக்கு மேல அந்தப் பொன்னிற நுரை வராது, காஜ்ஜியாங்கிற இத்தாலி கம்பெனி 1948ல இந்த மாதிரி கைப்பிடி வச்ச லீவர் மெஷின் விக்க ஆரம்பிச்ச பிறகுதான் அது வந்துச்சு.

கழட்டுறதுதான் பெரிய பாடு. பிஸ்டன் அசையவே இல்ல. கேக் சாமான் கடையில வாங்குன சிட்ரிக் ஆசிட்ட சுடுதண்ணியில கரைச்சு ராத்திரி பூரா ஊற வச்சேன், காலையில பச்சையா ஒரு தண்ணி, அடியில சுண்ணாம்பு மாதிரி தூள். பிஸ்டன சுத்தி இருந்த ரெண்டு ரப்பர் வளையமும் காஞ்ச கருவாடு மாதிரி ஒடிஞ்சு கையோட வந்துச்சு. அப்பா முப்பது வருசம் கித்தா, அதான் ரப்பர் பால், வெட்டுனவரு, ஒரு துண்ட எடுத்து நகத்தால கீறிப் பாத்துட்டு “இது நம்ம மரத்துப் பால் இல்லடா”ன்னாரு. ஆமாப்பா, நம்ம கித்தா அந்த ஆவிக்கு ரொம்ப நாள் தாங்காது.

புது வளையம் ஆன்லைன்ல வாங்கிப் போட்டேன். ஒண்ணோட வாய் மேல பாக்கணும், இன்னொண்ணு கீழ பாக்கணும், நான் ரெண்டையும் ஒரே பக்கமா பாக்க வச்சுட்டேன். கைப்பிடிய அமுக்குனா கோப்பி கப்புல வரல, சுடுதண்ணி மேல தண்டு வழியா பொங்கி என் மணிக்கட்டுல ஊத்துச்சு. திரும்ப எல்லாத்தையும் கழட்டு. கிரீஸும் சாப்பாட்டுச் சாமானுக்குன்னு இருக்கிற சிலிக்கான் கிரீஸ்தான் போடணும், பட்டறைக்காரர் மோட்டார் கிரீஸ் டப்பாவ நீட்டுனாரு, வேணாம் அண்ணேன்னு வந்துட்டேன்.

அப்புறம் இன்னொரு கூத்து. சூடாகுறப்ப பாய்லர்ல மாட்டுன காத்தும் சேந்து அமுக்கும், பிரஷர் வந்த மாதிரியே காட்டும், ஆனா தண்ணி சூடே இருக்காது. ஆவிக் குழாய கொஞ்சம் திறந்து அந்தக் காத்த வெளிய விட்டுட்டு மூடணும். இது தெரியாம மொதல்ல போட்ட கப்பு புளிச்ச கஞ்சி.

நாலாவது கப்புலதான் நுரை வந்துச்சு, ரெண்டு வாய் கோப்பி, பாந்திங் ஊரு லைபெரிக்கா வகை கொட்டை. அப்பா ஒரு மடக்கு குடிச்சாரு, கப்புக்குள்ள எட்டிப் பாத்தாரு, எழுந்து போய் டின் பால் எடுத்துட்டு வந்தாரு.