வளைவில் சுருக்கம் விழாமல்

ஈரோடு ஜவுளிச் சந்தையில் வாங்கிய பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டு அம்மாவின் அம்மாவான அமுச்சிக்குப் போர்வை தைக்கிறேன். முதல் 4 கட்டங்களிலும், உட்குழிந்த துண்டும் வெளிவளைந்த துண்டும் சேரும் வளைவு முழுக்கச் சுருக்கம். ஓரத்திலிருந்து குண்டூசி குத்தியதுதான் தவறு, அத்தனையையும் பிரித்தேன்.

இப்போது இரு துண்டுகளையும் மடித்து நடுவை அடையாளம் வைக்கிறேன். நடுவோடு நடு முதலில், பிறகு முனைகள், கடைசியில் இடைப்பட்ட பகுதி. உட்குழிந்த துண்டின் ஓரத்தில் 3 மி.மீ. ஆழத்துக்குச் சிறு வெட்டுகள் போடுகிறேன். தையல் 6 மி.மீ. உள்ளே ஓடுவதால் பயமில்லை. அந்தத் துண்டு மேலே இருந்தால் கையால் பரப்பிவிடலாம். இழுக்கவே கூடாது! வளைந்த ஓரம் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, இருப்பதால் நீண்டுவிடும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புகிறேன்.

நேற்று தைத்த கட்டம் இஸ்திரிக்குப் பின் தட்டையாகப் படிந்தது. அமுச்சி அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். இன்னும் 35 கட்டங்கள்.