நாடா கிழித்த மார்க்கர் விமானத்துக்குள் இருக்கக் கூடாது

கடலில் மிதக்கும் ஒரு மனிதத் தலையை 500 அடி உயரத்திலிருந்து பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவதற்குள் அந்தத் தலை அலைகளுக்குள் தொலைந்துபோகும். ஜிபிஎஸ் கருவியில் இடத்தைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் நீரோட்டம் ஆளை நகர்த்திக்கொண்டே இருக்கும், பதிந்த எண்கள் நகராது. தண்ணீரோடு சேர்ந்து நகரும் ஒரு அடையாளம் வேண்டும். அதற்காகத்தான் தேடல் மீட்பு விமானங்களில் புகையும் தீயும் கக்கும் மிதவை மார்க்கர்களைக் கையால் போடுகிறார்கள். இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது. பயிற்சிக்கோ, அந்தந்தப் பொருளின் கையேட்டுக்கோ இது மாற்று அல்ல.

பரவலாகத் தெரிந்த இரண்டு மார்க்கர்கள் அமெரிக்கக் கடற்படை வரிசையைச் சேர்ந்த மார்க் 25, மார்க் 58. முதலாவது 2 கிலோவுக்கும் குறைவு, ஏறத்தாழ கால் மணி நேரம் எரியும். இரண்டாவது 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 40 முதல் 60 நிமிடம் எரியும். இரண்டிலும் எரிபொருள் சிவப்பு பாஸ்பரஸ் கலவை. பற்றவைப்பது கடல்நீரால் உயிர்பெறும் பேட்டரி. உப்புநீர் துளை வழியாக உள்ளே போனதும் மின்சாரம் பிறக்கிறது, அது ஸ்குவிப் என்ற சிறு மின்பற்றியைச் சுடுகிறது, அது கலவையைப் பற்றவைக்கிறது. மார்க் 58-இல் அந்தத் துளையை மூடியிருப்பது ஒரு ஒட்டுநாடா. மார்க் 25-இல் அடித்தட்டைப் பாதுகாப்பு நிலையிலிருந்து தயார் நிலைக்குத் திருப்பி, துளை அடைப்புகளை உள்ளே அழுத்த வேண்டும்.

வேலையின் ஆபத்து முழுவதும் இங்கேதான் குவிந்திருக்கிறது. நாடா இருக்கும்வரை அது ஓரளவு சாதுவான உருளை. நாடா போன பிறகு ஈரத்துக்காகக் காத்திருக்கும் தீ. திறந்த கதவு வழியாக வரும் மழைச்சாரல், நனைந்த கையுறை, தரையில் தேங்கிய கடல்நீர் எல்லாமே அதற்கு அழைப்புதான். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: நாடா கிழித்த மார்க்கர்கள் உள்ளே கிடக்கும்போது விமானம் கடலில் இறங்க நேர்ந்தால், தண்ணீர் புகும் அதே நிமிடத்தில் கேபினுக்குள் அவை எரியத் தொடங்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. "வசதியாக இருக்கட்டும்" என்று நான்கைந்தின் நாடாக்களை முன்கூட்டியே கிழித்து வைப்பது சோம்பேறித்தனம்கூட அல்ல, அறியாமை. நாடா போன மார்க்கர் பெட்டிக்குத் திரும்பக் கூடாது. ஓட்டம், அதாவது மார்க்கர் போடுவதற்காக இலக்கை நோக்கிப் பறப்பது, ரத்தானால், கீழே படகும் ஆளும் எண்ணெயும் இல்லாத இடம் பார்த்து அதை வெளியே போட்டுவிட வேண்டும். மேலே வேறு நாடா ஒட்டிச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம்.

ஏற்றும்போதே தொடங்கும் வேலை இது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: உடலில் நசுங்கல், துரு, மூடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு, தளர்ந்த நாடா, காலாவதித் தேதி, லாட் எண் எனும் தயாரிப்புத் தொகுதி எண். பெட்டியைத் திறந்ததும் பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற நெடி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈரம் புகுந்த சிவப்பு பாஸ்பரஸிலிருந்து பாஸ்பீன் வாயு கசியும். அது நச்சு, எரியவும் செய்யும். அப்படிப்பட்ட பெட்டி திறந்த வெளியில் தனியே ஒதுக்கப்பட வேண்டும், விமானத்தில் ஏறக் கூடாது. கையிலிருந்து தரையில் விழுந்த மார்க்கரையும் "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று அடுக்கில் திருப்பி வைக்கக் கூடாது. உள்ளே பேட்டரியும் ஸ்குவிப்பும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது வெளியே தெரியாது.

வைக்கும் இடம் கதவுக்கு அருகே, கட்டி நிறுத்திய உலோகப் பெட்டியில், ஆனால் கதவுச் சாரல் எட்டாத பக்கமாக. ஹீட்டர் காற்று வரும் வாய், ஆக்சிஜன் சிலிண்டர், ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி. பெட்டியை ஒரே ஆள், ஒரே கையால் திறக்க முடிய வேண்டும். மின்பற்றி உள்ள எதையும் தொடும் முன் விமானத்தின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைக் கழித்துக்கொள்ள வேண்டும். திறந்த மார்க்கர் கையில் இருக்கும்போது எச்எஃப் எனும் நெடுந்தொலைவு ரேடியோவில் பேசுவதையும் நிறுத்தி வைப்பார்கள். வலுவான அலைபரப்பு மின்பற்றியின் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும்.

உடை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தீ தாங்கும் உடை அல்லது பருத்தி. நைலான் உருகித் தோலில் ஒட்டும். கையுறை, முகத்திரை இறக்கிய ஹெல்மெட், எதுவும் இல்லாத உடைப் பைகள், விரலில் மோதிரம் இல்லாமை. ஆளை விமானத்தோடு பிணைக்கும் ஹார்னஸின் பட்டை நீளம்தான் அடிக்கடி தவறாகிறது. பட்டையை முழுதாக இழுத்துப் பார்த்தால் நீங்கள் கதவு விளிம்பு வரைதான் போக வேண்டும். அதைத் தாண்டித் தொங்கும் அளவுக்கு நீளமாக இருந்தால் அது விழுவதைத் தடுக்காது, விழுந்த பிறகு பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கதவைத் திறக்கும் முன்பே மாட்ட வேண்டும். மாட்டியதை இன்னொருவர் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும்.

இனி ஓட்டம். விமானம் நேராகவும் மட்டமாகவும், பக்கவாட்டில் சறுக்காமலும் பறக்க வேண்டும். பைலட் ஆயத்தச் சொல் சொல்வார். போடுபவர் திருப்பிச் சொல்வார். நாடா கிழிப்பது கடைசிச் சில நொடிகளில்தான். பிறகு போடும் சொல், பிறகு "போயிற்று" என்ற உறுதி. ரத்துச் சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். போடும் சொல் "டிராப்" என்றால், ரத்துச் சொல் "நோ டிராப்" ஆக இருக்கவே கூடாது. இன்டர்காமில் முதல் அசை அறுந்துபோனால் காதில் விழுவது "டிராப்" மட்டும்தான். "ஸ்டாப்" போன்ற, ஒலியில் முற்றிலும் வேறான சொல்லைப் பறப்பதற்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எறிவதும் ஒரு கலை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் எறியவே கூடாது. கீழ்நோக்கியும் சற்றுப் பின்நோக்கியும் தள்ளிவிட வேண்டும். முன்நோக்கியோ மேல்நோக்கியோ வீசினால் காற்றோட்டம் அதை உடற்பகுதியை ஒட்டியே பின்னுக்கு இழுத்துச் செல்லும். அங்கே வால் இறக்கை காத்திருக்கிறது, ஹெலிகாப்டர் என்றால் வால் சுழலி. கனமான மார்க்கரைவிட இலேசான சில்லறைதான் இதில் அதிக வம்பு: கிழித்த நாடா, பிளாஸ்டிக் மூடி, காலிப் பை, துணிக்கீற்று. இவை விழாமல் மிதக்கும், என்ஜின் காற்றுவாய் வரைகூடப் போகும். கிழித்த நாடா வெளியே போகக் கூடாது, தரையிலும் கிடக்கக் கூடாது. மூடியுள்ள ஒரு பையில் போட வேண்டும். ஓட்டம் முடிந்தபின் நாடாக்களை எண்ணினால் எத்தனை போடப்பட்டன என்ற கணக்கும் கிடைத்துவிடும்.

எங்கே விழும்? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 200 அடியிலிருந்து விழ 3.5 நொடி, 300 அடியிலிருந்து 4.3 நொடி, 500 அடியிலிருந்து 5.6 நொடி. தரைவேகம் 90 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் நொடிக்கு 46 மீட்டர். ஆக 300 அடியில் கையை விட்ட பொருள் ஏறத்தாழ 200 மீட்டர் முன்னால் போய் விழும். காற்றுத்தடையால் உண்மையில் இன்னும் குறையும், எவ்வளவு என்பது பொருளின் வடிவத்தைப் பொறுத்தது. இதைவிடப் பெரிய பிழை மனிதக் கை. சொல் காதில் விழுந்து கை நகர ஒரு நொடி ஆனால், அதுவே 46 மீட்டர். நேராகத் தலைக்கு மேலே வந்ததும் போடுகிறவர்கள் எப்போதும் தாண்டித்தான் போடுகிறார்கள். பாராசூட் உள்ள பொருள் என்றால் கணக்கு வேறு. நொடிக்கு 6 மீட்டர் இறங்கும் ஒன்று 300 அடியிலிருந்து 15 நொடி காற்றில் இருக்கும். 20 நாட் காற்று அதை 150 மீட்டர் ஓரம் தள்ளிவிடும். அதனால் முதலில் ஒரு மார்க்கரோ துணிக்கீற்றோ போட்டு, காற்றைப் படித்து, அடுத்த ஓட்டத்தில் உண்மையான பொருளைப் போடுவதே நேரம் மிச்சம்.

தண்ணீரில் இருப்பவருக்கு எவ்வளவு அருகில் மார்க்கர் விழலாம்? பக்கத்தில்தான் வேண்டும், ஆனால் அவருக்குக் காற்று வரும் திசையில் வேண்டாம். பாஸ்பரஸ் புகை ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பாரிக் அமிலத் துளிகளாக மாறும். கண்ணும் மூச்சும் எரியும். இதைவிட முக்கியமானது எண்ணெய்ப் படலம். விழுந்த விமானத்தையோ மூழ்கிய படகையோ சுற்றி எரிபொருள் மிதக்கலாம். அங்கே தீ கக்கும் மார்க்கரைப் போடவே கூடாது. பளபளக்கும் படலம் தெரிந்தாலோ, நெடி வந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ, பச்சைச் சாயம் கரையும் மார்க்கருக்கோ ரேடியோ மிதவைக்கோ மாறிவிட வேண்டும். சாயம் இரவில் பயன்படாது, கொந்தளிப்பில் சீக்கிரம் கலைந்துபோகும். ஆனாலும் காப்பாற்ற வந்த ஆளைக் கொளுத்தாது.

உள்ளேயே பற்றிக்கொண்டால்? யோசிக்க நேரம் இல்லை. கதவு வழியாக வெளியே தள்ளுங்கள், தேவைப்பட்டால் காலால். தீயணைப்பானைத் தேடிப் போவது இங்கே முதல் வேலை அல்ல. இந்தக் கலவைகள் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. தீயணைப்பானில் இருக்கும் ஹேலான் வாயுவோ கார்பன் டை ஆக்சைடோ கலவையை அணைக்காது, அது பற்றவைத்த இருக்கையையும் துணியையும்தான் அணைக்கும். வெளிச்சத்துக்காகப் போடும், மக்னீசியம் கலந்த ஒளிக்குண்டில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் பிறந்து நிலைமை மோசமாகும். போடும் வேலை நடக்கும் நேரம் முழுக்கக் கதவு திறந்தே இருக்க வேண்டும், கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் எந்த மூட்டையும் இருக்கக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான். பாஸ்பரஸ் துணுக்கு தோலில் ஒட்டினால் தண்ணீரில் மூழ்க வைத்து, ஈரத்துணி சுற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

மிதவைப் படகு போடும்போது பயம் தீயில் இல்லை, கயிற்றில். படகை ஊதவைக்கும் இழுகயிறு காலிலோ ஹார்னஸிலோ சிக்கினால் ஆளையும் இழுத்துப் போகும். வால் இறக்கையில் சுற்றினால் எல்லோரையும். கயிற்றைத் தளர்வாக மடித்து, போடும் வரிசையில் அடுக்கி, யாரும் அதன் வளையத்துக்குள் நிற்காமல் பார்க்க வேண்டும். கேபினுக்குள் படகு ஊதத் தொடங்கினால் கத்திதான் ஒரே வழி. கத்தி உறையோடு கை எட்டும் இடத்தில் கட்டியிருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. தண்ணீரில் மிதப்பவர்களுக்குப் நீண்ட கயிற்றால் இணைத்த படகுத் தொடரைக் காற்று வரும் பக்கத்தில், காற்றுக்குக் குறுக்காகப் போடுவது வழக்கம்: படகு ஆளைவிட வேகமாகக் காற்றில் ஒதுங்கும், இடையில் மிதக்கும் அந்தக் கயிறு அவர்களை வந்து தொடும். நீந்திப் போய்ப் பிடிக்கும் வலு அவர்களுக்கு இருக்கும் என்று எண்ணிப் போடக் கூடாது. கூடவே விழும் பெட்டிகளின் நிறங்கள் உலகெங்கும் ஒன்றே: சிவப்பு மருந்து, நீலம் உணவும் தண்ணீரும், மஞ்சள் போர்வையும் உடையும், கறுப்பு அடுப்பு, கோடரி, திசைகாட்டி போன்ற மற்றவை.

நிலத்துக்கு மேல் இதே மார்க்கர்களுக்கு இடமில்லை. காய்ந்த புல்லில் விழும் தீ, தேடப்படும் ஆளைவிட வேகமாகப் பரவும். அங்கே எடை கட்டிய வண்ணத் துணிக்கீற்றோ, செய்தி வைத்த சிறு பையோ போதும். அவையும் கூரையிலும் தலையிலும் விழாதபடிதான். விமானத்திலிருந்து எதைப் போடுவதற்கும் அந்தந்த நாட்டு விமானத்துறை வகுத்த நிபந்தனைகள் உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 2 இதைத் தெளிவாகச் சொல்கிறது. கடலில் எரியாமல் மிதக்கும் மார்க்கரைப் படகுக்காரர்கள் எடுக்க ஆசைப்படுவார்கள். அது தாமதமாகப் பற்றலாம். எரிந்து முடிந்ததிலும் மிச்சப் பாஸ்பரஸ் காய்ந்ததும் மறுபடி பிடிக்கலாம். அதனால் எரியாமல் போனவற்றின் எண்ணிக்கையையும் இடத்தையும் அருகிலுள்ள கப்பல்களுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் விமானம் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.