ஆடி மாதத்துக் குதிரை

ஜூலை 16, 2024, செவ்வாய்

இன்று காரிமங்கலம் சந்தை. மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் காலையிலேயே தாத்தாவோடு கிளம்பிவிட்டேன். நாமக்கல்லில் நாலரை வருடம் கால்நடை மருத்துவம் படித்தாயிற்று. இப்போது ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சி. அதில் இந்தச் சில வாரங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில், இந்த டாக்டரிடம் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். சாப்பாடு வீட்டில்.

ஒரு காளைக்கன்றைக் காட்டி, "ரெண்டு பல்லுதாங்க" என்றார் விற்கிறவர். தாத்தா கீழுதட்டை இழுத்து ஒரு பார்வை பார்த்தார். "நாலாவது எட்டிப் பார்க்குதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிட்டார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும் எட்டு. இரண்டு வயதுவாக்கில் முதல் ஜோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் வரும். பிறகு ஜோடி ஜோடியாக வந்து நாலு வயதை ஒட்டிக் கடைசேரும். இதை நாங்கள் ஒரு செய்முறை வகுப்பு முழுக்க உட்கார்ந்து படித்தோம்.

பல்லுக்கு அப்புறம் சுழி. தாமணிச் சுழி இருந்தால் பட்டி பெருகும், துடைப்பச் சுழி இருந்தால் வீட்டைத் துடைத்துவிடும். தாத்தாவிடம் இதைப் பற்றி நான் வாதம் பண்ணுவதில்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: பந்தயக் குதிரைக்குக் கடவுச்சீட்டு மாதிரி ஒரு புத்தகம் உண்டு. அதில் குதிரைப் படம் போட்டு, நெற்றியில் எங்கே சுழி, கழுத்தில் எங்கே சுழி என்று குறித்துவைப்பார்கள். ஒரே நிறத்தில் இரண்டு குதிரை நின்றால் அடையாளம் சொல்வது சுழிதான். தாத்தா உடனே, "பார்த்தியா, வெள்ளைக்காரனும் சுழி பார்க்கிறான்" என்றார். பார்ப்பது வேறு எதற்கோ என்று விளக்குவதற்குள் ஒரு தரகர் துண்டுக்குள் கையை விட்டு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டாம் நாள். மருந்தகத்தில் கூட்டம் இல்லை. இரண்டு சினை ஊசி, ஒரு ஆட்டுக்குக் கழிச்சல், ஒரு கோழி. கோழியை ஒரு பையன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

சும்மா இருந்த நேரத்தில் டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். மாட்டுக்கு நாடி எங்கே பார்ப்பாய்? வால் அடியில். குதிரைக்கு? தாடைக்குக் கீழே. ஏன்? பதில் தெரிந்ததுதான், ஆனாலும் அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது: "மாடு பக்கவாட்டில் வீசி உதைக்கும், குதிரை நேராகப் பின்னால் உதைக்கும். குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணிக்கொண்டு நின்றால், எண்ணி முடிக்க நீ இருக்க மாட்டாய்."

அவர் படித்த காலத்தில் பாதிப் பாடம் குதிரையை வைத்துத்தானாம். அதில் ஆச்சரியம் இல்லை. இங்கே கால்நடை மருத்துவம் வேர்விட்டதில் பட்டாளத்துக் குதிரைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஓசூர் மத்திகிரிப் பண்ணையையே எடுத்துக்கொண்டால், கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. கால்நடைத் துறையின் கணக்கில் 1824. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வந்தது. நூறு வருடம் குதிரைக்காக ஓடிய பண்ணை, 1924-இல் மாடு முதலான கால்நடைக்கு மாறியது. இன்று அதே மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. முதலில் குதிரை, பிறகு மாடு, இப்போது கோழி: மாவட்டத்தின் வயிற்றுப்பாட்டுக்குத் தக்கபடி படிப்பும் மாறியிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

இதை எழுத உட்காரும்போது மணி பதினொன்று. கையில் இன்னும் பாரஃபின் எண்ணெய் வாசம் போகவில்லை.

சாயங்காலம் டாக்டருக்கு ஒரு போன். தர்மபுரிப் பக்கம், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். "நீங்க மாட்டு டாக்டராச்சே, குதிரைக்கு வருவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். டாக்டர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

வெள்ளைப் பெண்குதிரை. தகரக் கொட்டாயில் நின்று முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது, பிறகு படுத்துப் புரண்டது. எழுந்தபோது உடம்பெல்லாம் மண்ணும் வியர்வையும். நேற்றுக் காலையிலிருந்து லத்தி போடவில்லையாம். குதிரைக்காரரின் மச்சான் ஒரு மூங்கில் குழாயில் ஓம, பெருங்காயக் கஷாயத்தோடு தயாராக நின்றார். மாட்டுக்கு உப்புசம் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். டாக்டர் முதலில் அந்தக் குழாயைத்தான் வாங்கிக் கீழே வைத்தார். வலியில் துடிக்கிற குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். வயிற்றுக்கே போனாலும் ஆபத்து தீராது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஏப்பம் விட்டும் தப்ப முடியாது. அந்தப் பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நிறைந்தால் கிழியும்.

தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடியை எண்ணினேன். 52. சும்மா நிற்கிற குதிரைக்கு 28-இலிருந்து 44 வரை இருக்கலாம். மாட்டுக்கு 52 வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஈறு வெளிர் சிவப்புதான், ஆனால் கொஞ்சம் உலர்ந்திருந்தது. விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நொடியில் ரத்தம் திரும்பியது. காய்ச்சல் இல்லை. வயிற்றின் இரண்டு பக்கமும் மேலும் கீழும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் மேலே எப்போதாவது ஒரு சத்தம். இடப்பக்கம் கீழே ஒன்றுமே இல்லை.

மாட்டுக்கு இடப்பக்கம் என்றால் முதல் வயிறு, நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிற தொட்டி. தீனி முதலில் அங்கே நுரைத்துப் புளித்துவிட்டுத்தான் மேற்கொண்டு போகும். குதிரைக்கு அந்த வேலை எல்லாம் கடைசியில், பெருங்குடலில். அந்தக் குடல் மடங்கி மடங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு திருப்பத்தில் சட்டென்று குறுகுகிறது. டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அந்தத் திருப்பத்தில்தான். மாவு மாதிரி கெட்டியா அடைச்சிருக்கு" என்றார்.

மருந்து அளவுக்கு எடை வேண்டும். டேப் எடுத்தேன். மார்புச் சுற்றளவு 160 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை 140. சுற்றளவை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் 302 கிலோ. இதே அளவை அங்குலமாக்கி மாட்டுச் சூத்திரத்தில் போட்டால் 331 வரும். வேடிக்கைக்காக அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரே டேப், ஒரே உடம்பு, 29 கிலோ வித்தியாசம். வலி மருந்தான ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். 6.6 மில்லி ஏற்றினோம்.

அப்புறம் மூக்கு வழியாகக் குழாய். அது இறங்கும்போது கழுத்தின் இடப்பக்கம் தோலுக்கடியில் நகர்வது தெரிந்தது. மூச்சுக்குழலில் போகவில்லை, உணவுக்குழாயில்தான் போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உள்ளேயிருந்து எதுவும் எதிர்த்து வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இரண்டு லிட்டர் திரவப் பாரஃபினும், உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டோம். தீனி வேண்டாம், தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும், அப்பப்போ மெதுவாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

எதனால் வந்தது என்று கேட்டதற்குக் குதிரைக்காரர் சொன்னது: "ஆடி மாசம் கல்யாணம் ஏது? வேலை இல்லாம கட்டியே கிடக்குது. வேலை இல்லாததுக்கு எதுக்குக் கொள்ளுன்னு சோளத்தட்டுதான் போட்டேன்." காய்ந்த தட்டு, நடை இல்லை, தண்ணீர்த் தொட்டி அரைகுறை. மூன்றும் சேர்ந்துவிட்டன. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருமானம் இல்லாத மாதத்தில் கறவை வற்றிய மாட்டுக்கு எங்கள் வீட்டிலும் இதே தட்டுதான். மாடு அசைபோட்டுத் தள்ளிவிடும்.

ஜூலை 22, திங்கள்

காலை ஆறரைக்குக் குதிரைக்காரர் போன் செய்தார். லத்தி போட்டுவிட்டது. எண்ணெய் பூசினாற்போல் பளபளவென்று இருந்ததாம். போட்டோ வேறு அனுப்பினார். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அதைத் திறந்து பார்த்து சந்தோஷப்பட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 25, வியாழன்

கோமாரித் தடுப்பூசி போட மூன்று ஊர் சுற்றினோம். குளம்பு பிளந்த பிராணிகளுக்குத்தான் கோமாரி. ஒற்றைக் குளம்புள்ள குதிரைக்கும் கழுதைக்கும் அது வராது. அதற்காகக் குதிரைக்காரர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இரண ஜன்னி (டெட்டனஸ்) வருவதில் வீட்டு விலங்குகளிலேயே குதிரைதான் முன்னால் நிற்கும். சின்ன ஆணி குத்தினாலும் போதும். கல்யாண மண்டப வாசலில் ஆணி இல்லாத இடம் ஏது? அவருக்கு மறக்காமல் போன் செய்து தடுப்பூசிக்குத் தேதி கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவைத்தேன், அதைக் கேட்டு அவர் கொஞ்சம் பயந்தே போனார். பக்கத்துக் கோழிப்பண்ணையில் மிஞ்சும் தீவனத்தைக் குதிரைக்கும் அள்ளிப் போடுவாராம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் மொனென்சின் போன்ற மருந்தைக் கலப்பது உண்டு. கோழியும் மாடும் தாங்கும் அளவிலேயே குதிரையின் இதயத் தசை கெட்டுவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. பாடத்தில் எனக்கு ஒற்றை வரியாக வந்தது இது. நாமக்கல்லிலிருந்து ஓசூர்வரை கோழி நிறைந்த இந்தப் பக்கத்தில் ஒரு முழுப் பக்கமே எழுதியிருக்கலாம்.

ஜூலை 28, ஞாயிறு

பென்னாகரத்திலிருந்து சித்தி வந்திருந்தாள். போன வருடம் சோளக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்து, ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு ஏற்றிப் பிழைத்தவள். "நம்மூர்ல குதிரையே இல்லை, நீ எதுக்கு அதைப் படிக்கிற?" என்றாள். அந்த மருந்தே குதிரை ரத்தத்திலிருந்து வருவதுதான் சித்தி என்றேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். பெரிய உடம்பு, நிறைய ரத்தம், ஆளோடு பழகும். அதனால் குதிரை.

சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். ஊசி போட்ட இடம் வீங்கும், சில குதிரைகளுக்குக் கட்டியும் வரும் என்று உள்ளதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குதிரைக்காரர் மருந்தகத்துக்கே வந்துவிட்டார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. குதிரை நன்றாக இருக்கிறது. காலையும் மாலையும் நடத்துகிறார். தட்டை நறுக்கி நனைத்துப் போடுகிறார், பச்சைப்புல் கொஞ்சம், தொட்டி நிறையத் தண்ணீர். வந்த விஷயம் வேறு: அடுத்த வாரம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. அங்கே குதிரைச் சந்தை கூடும். ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னொரு குதிரை வேண்டும். ஆறு வயதுக்கு மேல் வேண்டாமாம். "மாட்டுப் பல்லு எனக்கே தெரியும், குதிரைப் பல்லு ஏமாத்திடுவாங்க" என்றார்.

ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு முன்பல். நடு ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்தது மூன்றரையில், ஓரத்துப் பல் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதுவரை கணக்கு சுலபம். அப்புறம் பல்லின் மேல் இருக்கும் குழி தேய்வதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கீழ்ப்பல்லில் நடு ஜோடியின் குழி ஆறு வயதுவாக்கில் தேய்ந்து மறையும், அடுத்தது ஏழில், ஓரத்தது எட்டில். மேல்தாடை ஓரப்பல்லில் ஈறை ஒட்டிக் கறுத்த கோடு ஒன்று இறங்க ஆரம்பித்திருந்தால் பத்து வயது ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி.

கூடவே கிளாண்டர்ஸ் நோய்ப் பரிசோதனைச் சீட்டையும் கேட்டு வாங்கச் சொன்னேன். மூக்கில் சளி ஒழுகும், தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் வரும். ஆளுக்கும் தொற்றும். உறுதியானால் அந்தக் குதிரையைக் கொல்வதுதான் சட்டம், 1899-இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எதுக்கும் நீங்களும் வாங்களேன் டாக்டரம்மா, காரு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல்லுக்குப் போகலாம் என்று இருந்தோம். காவிரியில் வெள்ளம், குளிக்க விடவில்லை என்று செய்தி வந்ததால் வீட்டிலேயே சித்ரான்னம்.

அந்தியூர் விஷயத்தைச் சொன்னதும் தாத்தா தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். குதிரைக்கு அவர் சுழி பார்ப்பாராம், நான் பல் பார்க்கலாமாம். டாக்டர் லீவு கொடுத்துவிட்டார். அப்படியே அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலை மாடுகளையும் பார்க்க ஒரு நாள் சேர்த்துக்கொள் என்றார். விலை பேசுவது யார் என்பதில்தான் தாத்தாவுக்கும் குதிரைக்காரருக்கும் போனில் இன்னும் முடிவாகவில்லை.