ஐந்தாவது முறை வந்த அரோஸ் கோன் லெச்சே

மெக்சிக்கோ நகரில் எங்கள் தெருமுனைக்கு விடியற்காலை ஆறரை மணிக்கே தமாலே விற்கும் அம்மா வந்துவிடுவார். அவரிடம் உயரமான இரண்டு பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் சோளமாவைச் சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த தமாலே. மற்றதில் சூடாகக் குடிப்பதற்கு ஏதாவது ஒன்று. பெரும்பாலும் அது சோளமாவுக் கஞ்சியான அத்தோலே. சில நாட்களில் மட்டும் அரோஸ் கோன் லெச்சே. அரோஸ் என்றால் அரிசி, லெச்சே என்றால் பால். கோப்பையில் வாயை வைத்துக் குடிக்கும் அளவுக்கு நீர்த்திருக்கும். கடைசியில் அடியில் தங்கும் அரிசியைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

பெப்ரவரி 2 இங்கே கண்டெலாரியா திருநாள். ஜனவரி 6 அன்று வெட்டும் ரொஸ்கா ரொட்டியில் யாருடைய துண்டுக்குள் குழந்தைப் பொம்மை வருகிறதோ, அவர் இந்த நாளில் எல்லோருக்கும் தமாலே வாங்கித் தர வேண்டும். அலுவலகத்தில் வெட்டிய ரொட்டியில் பொம்மை என் கணவருக்கு வந்தது. அதனால்தான் அன்று காலை நானும் வரிசையில் நின்றேன். குளிருக்கு ஒரு கோப்பை வாங்கிக்கொண்டேன். முதல் வாயிலேயே கறுவா மணந்தது. கொழும்பில் அம்மா கறுவாவை இறைச்சிக் கறிக்கும் புரியாணிக்கும்தான் போடுவார். ஏலமும் கராம்பும் கூட இல்லாமல், பாலோடு தனியாக அது இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இதை வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். அதிலிருந்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

முதல் முறை, பெப்ரவரி 5

பாற்பாயாசம் செய்யத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். வீட்டிலிருந்த பாஸ்மதி ஒரு கோப்பை, ஒன்றரை லீற்றர் பால், கறுவா ஒரு துண்டு. பால் கொதித்ததும் அரிசியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் சீனியையும் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கிண்டியும் அரிசியின் நடு வேகவில்லை. பால் மட்டும் வற்றிக்கொண்டே போனது. கடைசியில் கிடைத்தது சுண்டிய பாலில் தனித்தனியாக நிற்கும் விறைத்த அரிசி.

காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். பானை எவ்வளவு தளதளத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. எனவே கொழும்பில் பதினைந்து நிமிடத்தில் வேகும் அரிசி இங்கே இருபத்தைந்து நிமிடம் கேட்கிறது. இரண்டாவது காரணம் சீனி. அரிசியின் மாச்சத்து நீரை உறிஞ்சி விரிந்தால்தான் வேகும். சீனி அந்த நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதோடு, மாச்சத்து விரிவதற்குத் தேவையான வெப்பத்தையும் கூட்டிவிடுகிறது. ஏற்கெனவே வெப்பம் குறைந்த ஊரில் நான் சீனியை முன்கூட்டியே போட்டது பெரிய தவறு. மூன்றாவது, பாஸ்மதி. பருக்கை ஒட்டாமல் நிற்பதுதான் அந்த அரிசியின் பெருமை. இங்கே தேவைப்படுவது பாலோடு குழையும் அரிசி.

இரண்டாம் முறை, பெப்ரவரி 11

இந்த முறை பிலொன்சியோ வாங்கினேன். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சில் ஊற்றி எடுப்பது. நாங்கள் சர்க்கரை என்றும் தமிழகத்தார் வெல்லம் என்றும் சொல்லும் அதே பொருள், அதே மணம். சில வீடுகளில் சீனிக்குப் பதில் இதைப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் மகிழ்ச்சியாகிவிட்டது. கொதிக்கும் பாலில் நேராகத் தட்டிப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பால் திரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. சர்க்கரையில் இருக்கும் இலேசான புளிப்பு கொதிக்கும் பாலைத் திரித்துவிடும் என்பதால்தான் பாகு காய்ச்சி வடித்து, அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகு பாயாசத்தில் ஊற்றுவோம். ஊர் மாறியதால் கைப்பழக்கத்தை விட்டுவிட்டேன். பிலொன்சியோ வைத்துச் செய்ய விரும்புகிறவர்கள் அதே முறையைப் பின்பற்றினால் போதும்.

அன்று இன்னொரு பிழையும் நடந்தது. இந்த ஊர் முறைப்படி ஒரு சுருள் தேசிக்காய்த் தோல் சேர்க்க வேண்டும். இங்கே லிமோன் என்று விற்கும் சிறிய பச்சைக் காய் நமது தேசிக்காயேதான், அதே இனம். தோலைச் சீவும்போது உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்துவிட்டது. திரிந்த பாலை ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்தபோது அதன் கசப்பு நாக்கில் நின்றது. பச்சைத் தோலை மட்டும் கண்ணாடித் தாள்போல மெல்லியதாக எடுக்க வேண்டும். காயைப் பிழிந்த கையால் எடுக்கவும் கூடாது, சாறு பட்டால் பால் கெடும்.

சந்தை

இரண்டு தோல்விக்குப் பிறகு மெதெயின் சந்தைக்குப் போனேன். ரோமா சூர் பகுதியில் இருக்கும் கூரையிட்ட பழைய சந்தை அது. அரிசிக் கடையில் பெரிய சாக்குகள் இரண்டு திறந்திருந்தன. ஒன்று சினலோவா வகை, மெலிந்து நீண்டது. மற்றது மொரேலோஸ். பருத்த பருக்கை, நடுவில் சுண்ணாம்புத் தீற்றல்போல ஒரு வெள்ளை. கடைக்காரரிடம் அரோஸ் கோன் லெச்சேக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய அள்ளும் கரண்டி மொரேலோஸ் சாக்குக்குள் போய்விட்டது.

மொரேலோஸ் மாநிலம் தலைநகருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஹொஹுத்லா, குவவுத்லா பக்கத்து வயல்களில் நாற்று நட்டுப் பயிரிடும் அரிசி இது. 2012ல் இதற்குப் பிறப்பிடப் பாதுகாப்புக் கிடைத்தது. தெக்கீலா மதுவை எங்கோ காய்ச்சிவிட்டுத் தெக்கீலா என்று விற்க முடியாததுபோல, வேறு ஊரில் விளைந்ததை மொரேலோஸ் அரிசி என்று விற்க முடியாது. நடுவிலிருக்கும் அந்த வெள்ளைப் பகுதி நெருக்கம் குறைந்த மாச்சத்து. நிறைய நீர் குடித்து நன்றாகப் பருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு பிடியை ஊறவைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பருக்கை முழுக்க வெளுத்துவிட்டது.

அடுத்த கடையில் கறுவா. இங்கே அதன் பெயர் கனேலா. கடைக்காரி ஒரு முழ நீளச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, சுருட்டைப்போலச் சுருண்டிருந்தன. விரலால் அழுத்தினேன், பொடிந்தது. எங்கள் வீட்டு அலுமாரி டப்பாவுக்குள் இருந்த அதே மணம். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். “செய்லான்” என்றார். இலங்கைக் கறுவாவை வாங்கும் நாடுகளில் முதல் வரிசையில் இருப்பது மெக்சிக்கோ என்று படித்திருந்தேன். ஆனால் உலகின் மறுபக்கத்தில், மிளகாய் வற்றல் மலைகளுக்கு நடுவே அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அந்த ஊர்க்காரி என்று சொன்னேன். கடைக்காரி இன்னும் ஒரு சுருளைச் சேர்த்துக் கட்டித் தந்தார்.

பல நாடுகளில் கறுவா என்ற பெயரில் விற்பது கசியா, அதாவது தடித்து ஒற்றையாகச் சுருண்ட கட்டைப்பட்டை. அதைப் பாலில் போட்டால் காரம்தான் முன்னுக்கு நிற்கும். இந்தப் பலகாரத்துக்கு அது உதவாது. தமிழகத்தில் தேடுகிறவர்கள் சுருள் பட்டை என்று கேட்டு, விரலால் பொடியுமா என்று பார்த்து வாங்கலாம்.

மூன்றாம் முறை, பெப்ரவரி 20

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். நான் அவரைச் சென்யோரா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மிஹா, அதாவது மகளே, என்பார். சந்தைப் பையோடு மாடிப்படியில் அவரைக் கண்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். முதல் முறை பாலில் நேரே அரிசியைப் போட்டேன் என்றதுமே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“மிஹா, அரிசி முதலில் தண்ணீர் குடிக்கட்டும். அது நிறைந்த பிறகுதான் பாலைக் கேட்கும். பால் நிறைந்த பிறகு இனிப்பு.”

படியிலேயே நின்றுவிட்டேன். இது எனக்குத் தெரியாத முறையே அல்ல. சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து வரும் கிரிபத் இப்படித்தான் ஆகும். பச்சையரிசியைத் தண்ணீரில் குழைய வேகவைத்துவிட்டுப் பிறகுதான் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றுவார்கள். அந்த வீட்டுக் குசினியில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பால் என்றதும் பாயாசம்தான் நினைவுக்கு வந்ததே தவிர, கிரிபத் வரவில்லை.

அன்றே செய்தேன். 200 கிராம் அரிசியை ஊறவைத்து வடித்து, மூன்று கோப்பைத் தண்ணீரில் கறுவாவும் தேசிக்காய்த் தோலும் போட்டு வேகவிட்டேன். தண்ணீரிலேயே கறுவாவின் நிறம் இறங்கித் தேநீர்போல ஆனது. அரிசி மலர்ந்ததும் சூடான பால் ஒரு லீற்றர். பால் மெல்ல மெல்லத் தடித்தது. பருக்கை உடையாமல், விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல நசுங்கியது. அன்று இரவு நாங்கள் இருவரும் பானையோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கரண்டி இறங்கவில்லை. ஆறும்போது மாச்சத்து மறுபடி இறுகும், அரிசியும் மீதிப் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாப்பிடும் பதத்தில் இறக்கியதுதான் பிழை. அடுப்பிலிருக்கும்போது இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்று கவலைப்படும் நிலையில் இறக்க வேண்டும்.

நான்காம் முறை, மார்ச் 1

அரிசியை 150 கிராமாகக் குறைத்தேன், பதம் சரியாக வந்தது. உலர்திராட்சையைப் பாலோடு சேர்த்தே போட்டதால் அவை ஊதிப்போய்ச் சுவை முழுவதையும் பாலுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தோலாக நின்றன. இனிக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான்.

அன்று வனிலாவும் சேர்த்தேன். வேராக்ரூஸ் மாநிலத்துப் பப்பாந்த்லாவில் விளைந்த காய் ஒன்று பரிசாகக் கிடைத்திருந்தது. கிண்டிக்கொண்டே யோசித்தேன்: இந்தச் சட்டிக்குள் இருப்பவற்றில் இந்த மண்ணுக்கே உரியது வனிலா ஒன்றுதான். தொத்தொனாக் மக்கள் பழங்காலத்திலிருந்தே வளர்த்துவரும் கொடி அது. அரிசி, மாட்டுப்பால், கரும்பு, தேசிக்காய், திராட்சை எல்லாம் கடல் கடந்து வந்தவை. அரோஸ் என்ற சொல்லே அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. அரபியர் ஸ்பெயினுக்குக் கொண்டுசென்ற அரிசி, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு இங்கே வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் கொண்டுவந்த ஆசியச் சரக்குகளில் கறுவாவும் உண்டு. அப்படி வந்தவற்றையெல்லாம் சேர்த்து இந்த ஊர்ப் பெண்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் வனிலா என் சட்டியில் கறுவாவை மறைத்துவிட்டது. பாதிக் காய்கூட அதிகம். சென்யோராவும் வனிலா போடுவதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் முறை, மார்ச் 9

இப்போது நான் செய்யும் அளவு இதுதான். மொரேலோஸ் அரிசி 150 கிராம், அரை மணி நேரம் ஊறல். அரை லீற்றர் தண்ணீர், ஒரு விரல் நீளக் கறுவா, தேசிக்காய்த் தோல் ஒரு சுருள், உப்பு ஒரு சிட்டிகை. மெல்லிய தீயில் இருபத்தைந்து நிமிடம். கடல் மட்ட ஊர்களில் பதினைந்து நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கலாம். பருக்கை நசுங்கி, அடியில் கொஞ்சம் நீர் மிச்சமிருக்கும்போது தோலை எடுத்துவிட்டுச் சூடான முழுக்கொழுப்புப் பால் ஒரு லீற்றர். இன்னும் இருபத்தைந்து நிமிடம், மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்ட வேண்டும். பிறகு 60 கிராம் சீனியும் ஏழு மேசைக்கரண்டி டின்பாலும் (சீனி சேர்த்துச் சுண்டவைத்த கெட்டிப்பால்). டின்பால் மட்டுமே போட்டால் திகட்டும், சீனி மட்டுமே போட்டால் வழவழப்புக் குறையும். பத்து நிமிடம் கழித்துத் திராட்சை. கரண்டியால் பானையின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் இறக்கிவிடுகிறேன். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே கறுவாத் தூள்.

நீலப் புள்ளி போட்ட எனாமல் கிண்ணத்தில் ஊற்றிச் சென்யோராவிடம் எடுத்துக்கொண்டு போனேன். நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டார். இன்னொரு கரண்டி. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். கிண்ணம் காலியான பிறகுதான் சொன்னார்: “தோலைத் தண்ணீரோடு எடுத்துவிடுகிறாய். பாலிலும் ஐந்து நிமிடம் இருக்கட்டும், மிஹா. நன்றாக வெந்த தோல் பாலைத் திரிக்காது.”

தேசிக்காய் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளை காலை ஆறாவது சட்டி.