வங்க எழுத்து: விட்ட இடத்திலிருந்து

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வங்காளிப் பேச்சு எங்கே போனாலும் கூடவே வரும். எழுதுவதுதான் விட்டுப்போனது. அதனால் ஒரு நாலு கோடு நோட்டும் பென்சிலும் வாங்கி, மறுபடி அ, ஆவிலிருந்து கையைப் பழக்குகிறேன்.

உயிரெழுத்தில் சிரமமே இல்லை. நம்மைப் போல எ, ஒ குறில் தனியாகக் கிடையாது. நடுவில் ‘ரி’ உண்டு. வங்க அறிஞர் வித்யாசாகர் 1855இல் ‘வர்ணபரிசய்’ என்ற அரிச்சுவடியை எழுதியபோது உயிரெழுத்து 12 வைத்தார். வங்காளி எண் ஒன்பது மாதிரி இருந்த ‘லி’ பின்னால் வழக்கொழிந்து இப்போது 11.

மெய்யெழுத்துக்கு வந்ததும் கீழ்வீட்டு மாஷிமாதான் (சித்தி, பெரியம்மா மாதிரி அங்கே மரியாதையாகக் கூப்பிடுவது) ஞாபகத்துக்கு வந்தார். சரஸ்வதி பூஜையன்று புரோகிதர் என் கையைப் பிடித்து சிலேட்டில் எழுதவைத்தது அவர் வீட்டில்தான். ஹாத்தேகோரி என்பார்கள். அங்கே அந்தப் பூஜை வசந்த பஞ்சமியில் வரும். எங்கள் வீட்டில் நவராத்திரியிலும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவேண்டாம்! ஆனால் வசந்த பஞ்சமிப் பூஜை முடியும்வரை இலந்தைப்பழம் வாயில் வைக்கக்கூடாது, அதுதான் கஷ்டம்.

மாஷிமா எந்த எழுத்தையும் பெயர் சொல்லாமல் எழுதவிட மாட்டார். ‘போ-எ ஷுன்னோ ரோ’ என்றால், பலூனில் வரும் ப-வுக்குக் கீழே புள்ளி வைத்தது ர. ஷ மூன்று: தாலொப்போ ஷோ, மூர்தொன்னோ ஷோ, தொந்தோ ஷோ. வாயில் பெரும்பாலும் மூன்றும் ஒரே ஒலிதான், எந்தச் சொல்லுக்கு எது என்பதைப் பெயரை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். நாம் றன்னகரம், தந்நகரம் என்பதில்லையா, அதே வேலை. இப்போதும் வாய்விட்டுப் பெயரைச் சொன்னால் கை தானாக நகர்கிறது. பேசாமல் எழுதினால் தடுமாறுகிறது. இது எனக்கே வியப்பு.

மேல்கோடான மாத்ராவுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியிருந்தது. முதலில் எழுத்துக்கு எழுத்து போட்டேன், கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. இப்போது சொல்லை முடித்துவிட்டு ஒரே இழுப்பாக இழுக்கிறேன். எல்லா எழுத்துக்கும் முழுக்கோடு கிடையாது; க, ப வகையில் சிலவற்றுக்குப் பாதிதான். ஏ-க்கு அறவே இல்லை. போட்டால் அது ‘த்ர’ ஆகிவிடும். ஓ-வுக்குப் போட்டால் ‘த்த’.

உயிர்க்குறிகளில் தமிழ்க் கைக்கு ஒரு வசதி. கெ, கொ எழுதியவனுக்குக் கொம்பு முன்னால் வருவது புதிதல்ல. இகரக் குறியும் அங்கே முன்னால் வரும், அவ்வளவுதான். உகரம்தான் படுத்துகிறது. கு, ரு, ஷு, ஹு நாலுக்கும் பழைய அச்சில் வழக்கமான குறி இல்லை, வேறு வடிவம். மேற்கு வங்க பாங்க்லா அகாடமி சீர்செய்த எழுத்துருவில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குறி. தமிழ்நாட்டில் 1978இல் லை, னை மாறியதே, அந்த மாதிரி. எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது, எழுதுவது அதையே.

கூட்டெழுத்துகளான ஜுக்தாக்கோரில்தான் இப்போது நிற்கிறேன். சிலவற்றில் உறுப்புகளே தெரியாது. கிருஷ்ணனில் உள்ள ஷ்ண-வைப் பார்த்தால் ஷ-வோடு ஞ ஒட்டியதுபோல இருக்கும். க்ஷ-வுக்கு ‘கியோ’ என்று தனிப்பெயரே உண்டு, அதில் க-வைத் தேடிப் பயனில்லை.

பார்த்தெழுத தாகூரின் ‘ஸஹஜ் பாட்’ என்ற குழந்தைகள் பாடநூலை வைத்திருக்கிறேன். 1930இல் வந்தது, படங்கள் நந்தலால் போஸ். முதல் பாகத்தில் கூட்டெழுத்து வராது என்பதால் அதை முழுக்க எழுதி முடித்தாயிற்று. இரண்டாம் பாகத்தில் ங்க, ஞ்ச இரண்டும் படிந்துவிட்டன. ஸ்த, ஷ்ட இன்னும் வீங்கிப்போய்க் கோட்டைத் தாண்டுகின்றன. அடுத்த வாரம் முழுக்க அவைதான்.