விட்டு வந்த மீன்

ஆவணி ஆயில்யத்தில் நடக்கிற அதிபத்த நாயனார் விழாவுக்கு நாகப்பட்டினம் போக வேண்டும் என்று நாலைந்து வருஷமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிடும். இந்த வருஷம் காலண்டரில் தானே வட்டம் போட்டுவிட்டு, "நீ வரலைன்னா நான் தனியாப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். சரி, கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரில் காலை ரயில் ஏறும்போதே நெரிசல். பெட்டியில் பாதிப் பேர் காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலையோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெரிய விழா. ஆயில்யம் அந்த நாட்களுக்குள் விழுந்துவிட்டால் நாகைக்குப் போகிற எல்லா வழியிலும் இதே கூட்டம்தான். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். திருவாரூர் வரை அந்தக் குழந்தை அம்மா மடியில்தான் தூங்கியது.

அதிபத்த நாயனாரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுபத்து மூன்று நாயன்மார்களில் அவர் மீனவர். நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்ற குப்பத்தில் நுளையர் என்ற மீனவர்களுக்குத் தலைவராக இருந்தவர். இன்றைய நம்பியார் நகர்தான் அந்த இடம் என்று ஊரில் சொல்கிறார்கள். வலையில் அகப்படுகிற மீன்களில் நல்லதாக ஒன்றை எடுத்து, "இது ஆடுகிற பெருமானுக்கு" என்று கடலிலேயே விட்டுவிடுவார். அபிஷேகம், அர்ச்சனை எதுவும் கிடையாது. அதுதான் அவருடைய பூஜை. பிறகு ஒரு காலம் வந்தது. நாள் பூராவும் வலை போட்டாலும் ஒரே ஒரு மீன்தான் கிடைக்கும். அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். அவரும் பட்டினி, சுற்றமும் பட்டினி. உடம்பு இளைத்துப்போனது. அப்போது ஒருநாள் வலையில் வந்தது பொன்னும் மணியும் இழைத்த மீன். அன்றைக்கும் அது ஒன்றுதான். அதையும் கடலில் விட்டார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் இதை இருபதே பாட்டில் முடித்துவிடுகிறார். அதில் ஓர் அடி என்னை விடவே மாட்டேன் என்கிறது: "விட்டு வந்தனர் விடாத அன்புடன்." மீனை விடுகிறார், அன்பை விடவில்லை. ஒரே சொல்லை இரண்டு பக்கமும் வைத்து ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

முதலில் நாகை சிவன் கோயிலுக்குப் போனோம். நாகைக் காரோணம் என்பதுதான் தேவாரத்தில் இந்தக் கோயிலின் பெயர். சுவாமி காயாரோகணர், அம்மன் நீலாயதாட்சி. தமிழில் கருந்தடங்கண்ணி. புண்டரீக முனிவரை உடம்போடு தனக்குள் ஏற்றுக்கொண்டதால் காயாரோகணம் என்று தலபுராணம் சொல்கிறது. அம்மன் சந்நிதியில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை. தீபம் காட்டும்போது அந்தக் கண்களில் ஒளி விழுந்து எழுகிறது. அதைப் பார்த்த பிறகு கேட்க நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது.

தியாகராஜர் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக ஆடுகிற ஏழு விடங்கத் தலங்களில் நாகையும் ஒன்று. இங்கே சுந்தர விடங்கர். அவருடைய நடனத்துக்குப் பாராவார தரங்க நடனம் என்று பெயர், கடல் அலையைப் போன்ற ஆட்டம். அலைச் சத்தம் கேட்கிற ஊரில் சுவாமி வேறு எப்படி ஆடுவார்?

இந்தத் தலத்தில் சுந்தரர் பாடிய பதிகத்தை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். பொன் கொடு, பட்டு கொடு, கஸ்தூரி கொடு, ஏறிப் போக நல்ல குதிரை கொடு என்று உரிமையோடு கேட்டுக்கொண்டே போவார். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமே இல்லை, சிவனுக்குத் தோழர் ஆயிற்றே. அதே சுந்தரர்தான் திருவாரூரில் அடியார்களை வரிசையாகப் பாடும்போது, "விரிதிரை சூழ் கடல் நாகை அதிபத்தர்க்கு அடியேன்" என்றார். எல்லாம் கேட்டவர், கிடைத்ததையெல்லாம் விட்டவருக்கு அடியேன் என்கிறார். இந்த இரண்டு பேரையும் இதே காரோணத்தார்தான் ஏற்றுக்கொண்டார். கேட்கலாமா கூடாதா என்று கோயிலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குழப்பம் இருக்கும். அன்றைக்கு அது கொஞ்சம் அடங்கியது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். சுவாமியும் அம்மனும் ரிஷப வாகனத்தில் கடற்கரைக்கு எழுந்தருள்வார்கள். நம்பியார் நகர் மக்கள் தட்டுத் தட்டாகச் சீர்வரிசை எடுத்து வந்தார்கள். பழம், தேங்காய், பூ, பட்டு. தட்டு ஏந்திய பெண்கள் எல்லாரும் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக் களை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத்தானே இன்றைக்குச் சிறப்பு.

நாயனாரைப் படகில் ஏற்றினார்கள். மணலில் நின்ற கூட்டம் சட்டென்று பேச்சை நிறுத்தியது. படகைத் தள்ளியவர்கள் மார்பளவு தண்ணீர் வரை போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தார். அலை அவர் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. இரண்டு கையும் படகின் மேல்தான். பிறகு வலை போட்டார்கள், தங்க மீனும் வெள்ளி மீனும் வலையில் வந்தன. நான் நின்ற தூரத்துக்கு ஒரு சின்ன மினுக்கம்தான் தெரிந்தது. தங்க மீனைக் கடலில் விடுகிற அந்த நொடியில் ஒரு குரல் "ஓம் நமசிவாய" என்று ஆரம்பிக்க, கரை முழுக்க அது பரவியது. காளை மேல் இருந்த சுவாமிக்குத் தீபாராதனை நடந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

எங்கள் பக்கத்தில் நம்பியார் நகர்க்கார அம்மா ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "இப்பவும் யாராவது அப்படி மீனை விடுவாங்களா?" என்று அம்மா அவரிடம் கேட்டாள்.

"விடுறவங்க விடுவாங்க. ஆனா மீன்பாட்டுல கோயிலுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சிருவோம் அக்கா, பாடு கம்மியா இருந்தாலும். டீசல் காசு வராத நாளும் உண்டு. அன்னைக்கும் சாமி பங்க தொடமாட்டோம்" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் கடன் இருக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவு இருக்கும். அந்த நிலையில் எடுத்து வைக்கிற பங்கு அது. சம்பளம் வந்ததும் எல்லாச் செலவும் போக மீதி இருப்பதை உண்டியலில் போடுகிற எனக்கு அந்தக் கணக்கு புதிது.

அவரே இன்னொன்றும் சொன்னார். அவர்கள் குலத்தில் யாராவது இறந்துபோனால் உடலைக் கோயில் கோபுர வாசலில் இறக்கி வைப்பார்களாம். உள்ளேயிருந்து சுவாமிக்குச் சாத்திய மாலையும் வஸ்திரமும் வரும். அதைப் போட்டுத்தான் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவார்களாம். அதிபத்தர் காலத்திலிருந்து வருகிற உரிமை என்றார். சொல்லும்போது குரலில் துக்கம் இல்லை, ஒரு நிமிர்வு இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வருஷம் மட்டும்தான் அதெல்லாம் செய்ய முடியல" என்றார். எந்த வருஷம் என்று நாங்கள் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். யார் உடல் எங்கே என்று தேடவே நேரம் இல்லாத நாட்கள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எடுத்துக்கொண்ட அதே கடலின் முன்னால், கடலுக்கு மீனைத் திருப்பிக் கொடுத்தவருக்கு வருஷாவருஷம் விழா எடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய பக்தியை நான் எங்கும் பார்த்ததில்லை.

சுவாமி புறப்பாடு திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. அமாவாசை நெருங்கிய இரவு, வானத்தில் நிலா இல்லை. தூரத்தில் படகு விளக்குகள் ஒன்றிரண்டு தெரிந்தன. எங்களுக்குக் கிடைத்த பிரசாதம் இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல். அம்மா தன் தொன்னையை முந்தானையில் மூடி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு என்று நினைத்தேன்.

வேளாங்கண்ணிச் சாலைக்கு வந்தபோது நடைபயணமாக வந்த ஒரு கூட்டம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. எத்தனை நாளாக நடக்கிறார்களோ, பாதங்களில் துணி சுற்றியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி காலை நீட்டி, கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா நேராக அவளிடம் போய், "காலையிலேருந்து என்ன சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையை விலக்கி, தொன்னையை அவள் கையில் வைத்தாள்.

"இது என்ன கோயில் பாட்டி?"

"நீலாயதாட்சி."

அந்தப் பெண் தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தாள். என் கையில் இருந்த தொன்னையை நான் அவள் தம்பியிடம் கொடுத்தேன்.